தரை சாய்ந்திருந்தால் வீடு வாங்கலாமா?

திருவொற்றியூர் கிராமத் தெருவில் குடிசை மாற்று வாரியம் கட்டியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி, 2021 டிசம்பர் 27 அன்று முற்பகலில் இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. ஆனால், ஓர் உயிர்கூடப் போகவில்லை. சுவர்களில் விரிசல் ஓடுவதைக் கண்டு குடியிருந்தோர் முன்கூட்டியே வெளியேறிவிட்டதுதான் காரணம். 1990-களில் கட்டப்பட்ட அக்கட்டடத்துக்கு இடிந்தபோது முப்பது வயது நிறைந்திருக்கவில்லை.

2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தோடு இருந்த ஊர் அது. அதே மாவட்டத்தில் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழித்தடத்திலும் திருவள்ளூர் நகரைச் சுற்றியும், ஏறத்தாழ அதே தலைமுறையைச் சேர்ந்த தனியார் குடியிருப்புகள் இப்போது மறுவிற்பனைக்கு வருகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் பணிபுரிவோர் பலருக்குப் புதிய வீட்டின் விலை எட்டுவதில்லை. வருங்கால வைப்பு நிதியிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கினால் பழைய வீடு கைக்கு எட்டுகிறது. இருபது ஆண்டு உழைப்பை ஒரே கையெழுத்தில் கொடுப்பவர் அந்த வீட்டைப் பார்க்கச் செலவிடும் நேரமோ பெரும்பாலும் அரை மணிதான். அந்த அரை மணியிலும் அவர் கண் சுவரின் வண்ணத்திலும் சமையலறை அலமாரியிலும் நிற்குமே தவிர, காலடிக்குச் செல்வதில்லை.

கட்டடப் பொறியாளராக இம்மாவட்டத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால், வீடு வாங்குவோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'தரை கொஞ்சம் சாய்வாகத் தெரிகிறது, வாங்கலாமா?' சாய்வு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வீட்டை ஒதுக்க வேண்டியதில்லை என்பதே என் பதில். பிறவியிலேயே சாய்ந்திருந்த தரை வேறு. பின்னால் சாய்ந்த தரை வேறு. பின்னால் சாய்ந்ததிலும், சாய்ந்து நின்றுவிட்டது வேறு, இன்னும் சாய்ந்துகொண்டிருப்பது வேறு. வாங்குபவர் அஞ்ச வேண்டியது கடைசி வகைக்கு மட்டுமே. அதைப் பிரித்தறியும் வழி அப்படியொன்றும் கடினமானதல்ல.

முதலில், சாய்வாகவே இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. குளியலறை, பால்கனி, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றில் நீர் வடிய கொத்தனார்கள் 'வாட்டம்' விடுவார்கள். அங்கே தரை மட்டமாக இருந்தால்தான் குறை. அடுத்து, பழைய மொசைக் தரைகளும் சிவப்பு ஆக்சைடு தரைகளும் பல வீடுகளில் கண்ணளவிலேயே போடப்பட்டவை. கான்கிரீட் ஊற்றியபோது சென்ட்ரிங் முட்டுகள் சற்று இறங்கியதால் நடுவில் தாழ்ந்துபோன தளங்களும் உண்டு. இவை கட்டிய நாளிலிருந்தே அப்படி இருப்பவை. முப்பது ஆண்டுகளாக யாரையும் ஒன்றும் செய்யாதவை.

பிறவிச் சாய்வைக் கண்டறிய வீட்டுக்குள்ளேயே சாட்சிகள் இருக்கின்றன. தரை ஒரு பக்கம் தாழ்கிறது, ஆனால் அதே சுவரிலுள்ள ஜன்னலின் அடிவிளிம்பும் கதவு நிலையின் மேற்சட்டமும் வெளியே சன்ஷேடின் கோடும் மட்டமாக இருக்கின்றன என்றால், அது பெரும்பாலும் தரை போட்டவரின் கைவேலை. இவை எல்லாமே தரையோடு சேர்ந்து ஒரே திசையில் ஒரே அளவில் சாய்ந்திருந்தால், சாய்ந்திருப்பது தரையல்ல, கட்டடம். இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அளப்பதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்துக்கு இணையான கருவி இல்லை. பத்து மீட்டர் நீளமுள்ள, உட்புறம் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீரை நிரப்பினால் போதும். இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். வீட்டின் எல்லாச் சுவர்களிலும் அந்த மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு குறியிலிருந்தும் தரை வரை நாடாவால் அளந்து, ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அறையின் நடுவுக்கு, குழாயின் ஒரு முனையை ஒரு குச்சியோடு கட்டி நிறுத்தி அளக்கலாம். ரசமட்டம் ஓரடி, ஈரடி தூரத்துக்குத்தான் பயன்படும். கைப்பேசிச் செயலிகளும் அப்படியே. கோலிக்குண்டை உருட்டிப் பார்ப்பது காணொளிக்கு அழகாக இருக்கலாம். அது உருளுவது ஒரு டைல்ஸின் சரிவைச் சொல்லுமே தவிர வீட்டின் சரிவைச் சொல்லாது.

எண்கள் கைக்கு வந்ததும், எவ்வளவு என்பதற்கு முன் எங்கே என்று பார்க்க வேண்டும். ஓரங்கள் ஒரே மட்டத்திலும் நடு மட்டும் தாழ்ந்தும் இருந்தால் தளம் தொய்ந்திருக்கிறது. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தப் பக்கத்துத் தூண் இறங்கியிருக்கக்கூடும். தளத்தின் தொய்வுக்கு ஐ.எஸ். 456 நெறிமுறை வைத்திருக்கும் எல்லை, தாங்குதூரத்தில் 250-இல் ஒரு பங்கு. நான்கு மீட்டர் அறைக்கு 16 மி.மீ. தூண்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு இறங்குவதைப் பற்றி ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு ஆகிய இரு பொறியாளர்கள் 1956-இல் பல கட்டடங்களை ஆராய்ந்து சொன்ன அளவுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. இரு தூண்களுக்கிடையே உள்ள தூரத்தில் 300-இல் ஒரு பங்கு வேறுபாடு வந்தால் சுவர்களில் விரிசல் தொடங்கலாம். 150-இல் ஒரு பங்கு வந்தால் கட்டமைப்பே சேதமடையலாம். மூன்று மீட்டருக்கு முறையே 10 மி.மீ., 20 மி.மீ. இந்த எண்களை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. நாம் அளக்கும் சரிவில் கொத்தனாரின் கைவேலையும் கலந்திருக்கிறது. 20 மி.மீ. சரிவும் விரிசலற்ற சுவரும் உள்ள வீட்டைவிட, 8 மி.மீ. சரிவும் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஓடும் புதிய விரிசலும் உள்ள வீடே எனக்குக் கூடுதல் அச்சம் தரும்.

சாய்வைவிட அதை மறைத்திருப்பதற்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். சிப்காட்டில் பணிபுரியும் என் மைத்துனரின் மகன், பொன்னேரிக்கு அருகே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, 'தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது, மாமா' என்றான். போய்ப் பார்த்தேன். உண்மைதான், பளபளக்கும் புதிய டைல்ஸ், குழாய் வைத்து அளந்தாலும் குறை சொல்ல முடியாத மட்டம். ஆனால், பொதுத் தாழ்வாரத்திலிருந்து வீட்டுக்குள் நுழைய ஏறத்தாழ இரண்டு அங்குலம் ஏற வேண்டியிருந்தது. படுக்கையறைக் கதவுகளின் அடிப்பகுதி அறுக்கப்பட்டிருந்தது. ஒரே சுவரில் இருந்த மூன்று மின்செருகிகளில் ஜன்னல் பக்கத்துச் செருகி தரையிலிருந்து ஒன்பதரை அங்குலத்திலும் வாசல் பக்கத்துச் செருகி பதினோரு அங்குலத்திலும் இருந்தன. செருகிகளைப் பொருத்தியவர் பழைய தரையிலிருந்து ஒரே உயரத்தில்தான் பொருத்தியிருப்பார். அப்படியானால் புதிய தரை ஒரு பக்கம் மெலிதாகவும் மறுபக்கம் தடிமனாகவும் நிரப்பப்பட்டிருக்கிறது.

கீழ்வீட்டைப் பார்க்க வேண்டும் என்றோம். அடுக்குமாடியில் நம் தரை என்பது இன்னொருவரின் கூரை. அதன் உடல்நிலை அங்கிருந்துதான் தெரியும். கீழ்வீட்டு அம்மா மறுப்பேதும் சொல்லாமல் அனுமதித்தார். கூரையில் கம்பிகள் செல்லும் தடத்திலேயே நேர்கோடுகளாகப் பழுப்புக் கறை. ஓரிடத்தில் காரை பெயர்ந்து துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது. பொறியாளர் ஒருவரின் ஆய்வுக்குப் பின் முன்பணம் தருகிறோம் என்று விற்பவரிடம் சொன்னோம். அவர் இசையவில்லை. ஒரு மாதத்துக்குள் அந்த வீட்டை வேறொரு குடும்பம் வாங்கிவிட்டது.

தரையை நிரப்பி மட்டமாக்குவது ஒப்பனையோடு நிற்பதில்லை. அது கட்டடத்தின் மேல் ஏற்றும் சுமை. ஐந்து செ.மீ. தடிமனுக்குக் கலவையும் டைல்ஸும் கூடினால், சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிலோ கூடுகிறது. வீட்டில் ஆட்களும் பொருட்களும் சேர்ந்து ஏற்றும் சுமையாகக் குடியிருப்புத் தளத்துக்கு நெறிமுறை கணக்கில் கொள்வதே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோதான். அதாவது, தளத்தைத் தொய்ய வைத்த சுமைக்கு மேல், தொய்வை மறைக்க இன்னொரு பெருஞ்சுமை. 2022 பிப்ரவரி 10 அன்று ஹரியாணாவின் குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பின் ஆறாம் தளத்து வீடொன்றில் தரையை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அந்தத் தளம் இடிந்து கீழ்த்தளங்கள் வரை விழுந்தது. இரு பெண்கள் உயிரிழந்தனர். கான்கிரீட்டில் இருந்த குளோரைடு உப்பால் கம்பிகள் துருப்பிடித்திருந்ததை தில்லி ஐஐடி ஆய்வு பின்னர் கண்டறிந்தது.

குளோரைடு என்ற சொல் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்ததால் 1960-களின் பிற்பகுதியிலேயே கடல்நீர் உள்ளே புகத் தொடங்கிவிட்டது. பின்னர் அது கடற்கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் பரவியது. இரும்புக் கம்பி உள்ள கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. ஆழ்துளைக் கிணறு தோண்டி, அந்த நீரிலேயே கலவை கலந்து, அந்த நீரையே ஊற்றிப் பதப்படுத்திய ஒரு சிறு கட்டுமானத்தில், நீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருப்பார்களா? மீஞ்சூர், பொன்னேரிப் பகுதியில் பழைய வீடு பார்ப்போர், கட்டிய காலத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அங்குள்ள பழையவர்களிடம் கேட்பது நல்லது. லாரித் தண்ணீர் என்று விடை வந்தால் சற்று நிம்மதி.

மண்ணைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலம் இது. சில அடிக்குள் மணல், களி, மீண்டும் மணல் என்று மாறி மாறி வரும். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். இதன் மேல் நெல்வயல்களையும் பள்ளங்களையும் சவுடு மண் கொட்டி மேடாக்கி மனைகளாக்கியிருக்கிறோம். கொட்டிய மண்ணை அடுக்கடுக்காக நீர்விட்டு இடித்து இறுக்கியிருந்தால் கேடில்லை. அந்தப் பொறுமை எல்லாக் கட்டுநருக்கும் இருந்ததில்லை. ஒரே கட்டடத்தின் ஒரு பாதி பழைய இயல்பான நிலத்திலும் மறுபாதி நிரப்பிய பள்ளத்திலும் நிற்குமானால், அது வேறுபட்டு இறங்குவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. எந்த இடத்தில் வாய்க்கால் ஓடியது, எங்கே குட்டை இருந்தது என்பது கிராமப் புல வரைபடத்தில் தெரியும். ஊரின் முதியவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

தரைத்தள வீடுகளுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அங்கே பல கட்டடங்களில் தரை, தூண்களைச் சார்ந்து நிற்பதில்லை. பேஸ்மென்டில் நிரப்பிய மண்ணின் மேல்தான் கிடக்கிறது. அந்த மண் இறங்கினால் தரை மட்டும் இறங்கும். சுவரோரப் பட்டியின் அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். தூண்களும் உத்தரங்களும் நலமாகவே இருக்கும். இது பார்க்க அச்சுறுத்தினாலும், மேல்தளத்தின் சிறு சாய்வைவிடக் குறைந்த கேடு. தரையை உடைத்து மண்ணை இறுக்கி மீண்டும் போட்டால் தீரும். 2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் வெள்ளம் சூழ்ந்த தெருக்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்கலாம். ஆனால், மண் ஏன் இறங்கியது என்று பார்க்க வேண்டும். உடைந்த கழிவுநீர்க் குழாயோ, தூணை ஒட்டிக் கட்டிய கழிவுநீர்த் தொட்டியோ, கசியும் சம்ப்போ அந்த மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை இறங்குவது தூணாக இருக்கலாம்.

நெடுஞ்சாலையில் செல்லும் கனரக லாரிகளும் ரயிலும் ஏற்படுத்தும் அதிர்வால்தான் தரை சாய்ந்தது என்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் விற்பவர்கள் சொல்வதுண்டு. தளர்ந்த மணலில் அதற்குச் சிறு பங்கு இருக்கலாம். மற்றபடி, அடித்தளத்தின் குறையை லாரியின் தலையில் கட்டுவது வசதியான விளக்கம் என்பதே என் கருத்து.

சாய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்ற கேள்விக்குத் துல்லியமான விடை வேண்டுமானால், விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றைக் காரையால் ஒட்டி, தேதி எழுதி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் பார்க்க வேண்டும். சில்லு உடைந்தால் கட்டடம் நகர்கிறது. அவ்வளவு காலம் விற்பவர் காத்திருக்க மாட்டார். எனவே, கடந்த காலத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. கதவின் மேல்விளிம்பை இழைத்திருக்கிறார்களா? ஒரு முறையா, பல முறையா? பூசி மறைத்த விரிசல், அதே தடத்தில் மீண்டும் திறந்திருக்கிறதா? விரிசலின் உள்விளிம்பு தூசும் சிலந்திவலையும் படிந்து கறுத்திருந்தால் பழையது. வெளிர்ந்து கூர்மையாக இருந்தால் புதியது. குடியிருப்போர் சங்கத்தின் கூட்டப் பதிவேட்டில் பழுதுபார்க்க எத்தனை முறை பணம் திரட்டினார்கள் என்பது இருக்கும். அக்கட்டடத்துக்கு வழக்கமாக வரும் பிளம்பரிடம் பேசுங்கள். ஒரே இடத்தில் குழாய் திரும்பத் திரும்ப உடைகிறது என்று அவர் சொன்னால், அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

இவ்வளவையும் வாங்குபவரே செய்ய வேண்டுமா என்று கேட்கலாம். சட்டம் அப்படித்தான் எதிர்பார்க்கிறது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியக் குறையை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைக்கு அந்தக் கடமை இல்லை. சாய்ந்த தரை கண்ணுக்குத் தெரியும் குறை. பிறகு நீதிமன்றம் சென்றால், 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்?' என்ற கேள்வி எழும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுமானக் குறைகளுக்குக் கட்டுநரைப் பொறுப்பாக்குவது, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குத்தான். பழைய வீட்டுக்கு அது உதவாது. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தாரே என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. அவர் பார்ப்பது கடனுக்கு ஈடாக அந்தச் சொத்து போதுமா என்பதை.

இங்கே அரசுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழர்கள் நன்கறிந்த சிராங்கூன் சாலையில் 1986 மார்ச் 15 அன்று நியூ வேர்ல்ட் ஹோட்டல் இருந்த ஆறுமாடிக் கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தனர். கட்டடம் தன் சொந்த எடையைத் தாங்க வேண்டும் என்பதையே வடிவமைப்பில் கணக்கிடாமல் விட்டது விசாரணையில் தெரிந்தது. அதன்பின் அந்நாடு, குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்வதைக் கட்டாயமாக்கியது. மும்பை மாநகராட்சிச் சட்டம் முப்பது ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு இத்தகைய ஆய்வைக் கோருகிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று தர வேண்டியிருக்கிறது. அப்பள்ளியின் மாணவர்கள் இரவில் உறங்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அப்படியொரு சான்றை யாரும் கேட்பதில்லை. இருபத்தைந்து ஆண்டு கடந்த அடுக்குமாடி வீட்டின் கிரயப் பத்திரத்தோடு, கட்டடம் முழுவதற்கும் பொதுவான ஓர் உறுதிச் சான்றின் நகலை இணைக்க வேண்டும் என்று பதிவுத் துறை விதித்தால், பல சங்கங்கள் அந்தச் செலவைப் பகிர்ந்துகொண்டு ஆய்வை நடத்தும். விற்க விரும்பும் ஒவ்வொருவரும் அதற்காக அழுத்தம் கொடுப்பார்கள்.

அப்படியொரு விதி வரும்வரை, விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. 'கட்டமைப்புப் பொறியாளரின் ஆய்வறிக்கை வாங்குபவருக்கு ஏற்புடையதாக இல்லையெனில் முன்பணம் முழுமையாகத் திருப்பித் தரப்படும்' என்பதே அது. பொறியாளரின் கட்டணம் வீட்டு விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அவரிடம் 'வீடு நன்றாக இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். தளமட்ட அளவுகள், கீழ்வீட்டுக் கூரையின் நிலை, வாகன நிறுத்துமிடத் தூண்களின் அடிப்பகுதி, கான்கிரீட்டில் குளோரைடு அளவு ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். பத்திரத்தில் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பதையும் அதே நாளில் பாருங்கள். 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழி செய்கிறது. கட்டடம் இல்லாமல் போகும் நாளில் உங்கள் பெயரில் மிஞ்சியிருப்பது அந்த நிலப் பங்குதான். சாய்ந்த வீட்டுக்கு நீங்கள் பேசும் விலையும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.